உப்பு மேடத்தின் ஒரே கதிர்

மளிகைக் கடையில் ஒரே தடவையில் பத்துப் பாக்கெட் உப்பு வாங்கிக்கொண்டு போகும் பெண்மணியைப் பற்றி மனிதர்கள் என்ன நினைப்பார்கள்? கடைக்காரர் ஊறுகாய் வியாபாரம் என்று நினைத்தார். எங்கள் குடியிருப்பின் செயலாளர், திருஷ்டி கழிக்கிறவர் என்று நினைத்தார். நான் என் வீட்டுக் கூரையை நினைத்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. அடையாறு இந்திரா நகரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த அந்த அம்மாள், மொட்டை மாடியில் வரிசையாக வாளிகளை வைத்து, சேறு நிரப்பி, நெல் நட்டு, அதற்கு உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாளிகள் பன்னிரண்டு. ரயில்வே கணக்குப் பிரிவில் சரக்குப் பெட்டிகளை எண்ணியே தலை நரைத்தவன் நான். கண்ணில் பட்டதை எண்ணாமல் எனக்குச் சோறு இறங்காது. பன்னிரண்டு வாளிகளின் எடையை மனத்துக்குள் கூட்டினேன். பிறகு, உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பி துருப்பிடித்து, துரு உப்பி, காரை பெயர்ந்து, பெயர்ந்த காரை சரியாக என் கட்டிலில் வந்து விழுவதையும் கூட்டினேன்.

மாடிக்குப் போனேன். உப்பை அளக்கும் பேனா போன்ற ஒரு கருவியை வாளித் தண்ணீரில் முக்கி, அதன் தலையில் தெரிந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், இந்த உப்புத் தண்ணி கீழ இறங்கினா என்ன ஆகும்?”

“இறங்காது. வாளியில ஓட்டை இல்ல.”

“வாளி உடைஞ்சா?”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியில் சேறு. “உடைஞ்சா உங்களுக்குத்தான் சார் முதல்ல தெரியும். எனக்கு ஒரு குரல் கொடுங்க.”

சிரிக்கவில்லை. அவர் கேலி செய்கிறாரா, தகவல் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இரண்டுக்கும் ஒரே முகம்தான் வைத்திருந்தார்.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு உப்பு மேடம் என்ற பெயர் எப்படி வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தரமணிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். உப்பு மண்ணில் நெல் எப்படிப் பிழைக்கிறது, எந்த நெல் ஏன் செத்துப்போகிறது என்பதுதான் அவருடைய வேலை. ஓய்வுபெற்ற நாளில் மாலையும் சால்வையும் போட்டு, அவர் நெல் வளர்த்த கண்ணாடிக்கூடத்தின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். விதையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், இடம் மட்டும் கேட்கக் கூடாது என்று சொன்னார்களாம். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் கதவைச் சாத்தினார். விளக்குப் போடவில்லை. என் மனைவி பாயசம் எடுத்துக்கொண்டு போய்த் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மறுநாள் காலையில் அவர் தெருமுனைக் கடையில் பிளாஸ்டிக் வாளிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

அதுதான் அவர். கஷ்டம் வந்தால் முதலில் மூடிக்கொள்வார்.

இதற்கு அவரிடம் விளக்கமும் இருந்தது. ஒருநாள் நான் வாளிகளைச் சுற்றிக் குறைசொல்லிக்கொண்டிருந்தபோது சொன்னார். “வேர்ல உப்பு பட்ட உடனே செடி என்ன பண்ணும் தெரியுமா சார்? கத்தாது. அப்சிசிக் அமிலம்னு ஒரு ஹார்மோன் உள்ள ஏறும். அது இலைக்குப் போய், ‘துளையெல்லாம் மூடு’ன்னு சொல்லும். மூடினா உள்ள இருக்கற தண்ணி தங்கும். ஆனா காத்தும் உள்ள வராது, சாப்பாடு குறையும். சரின்னு வளர்ச்சியை நிறுத்திக்கும். வளரச் சொல்ற ஹார்மோன்களை எல்லாம் ‘கொஞ்சம் இருங்கடா’ன்னு உக்கார வெச்சிடும். அப்புறம்தான் உப்பை எங்க வைக்கறதுன்னு யோசிக்கும்.”

“எங்க வைக்கும்?”

“நம்ம ஃப்ளாட் மாதிரிதான். முதல்ல கேட்ல வாட்ச்மேன், உள்ள விடாம பாத்துப்பான். மீறி உள்ள வந்துட்டா, மேல ஏறுறதுக்குள்ள நடுவழியில புடிச்சுத் திருப்பி இழுக்கறதுக்கு ஓர் ஆள். அதையும் தாண்டினா, ஒவ்வொரு செல்லுலயும் ஒரு ஸ்டோர் ரூம், அதுல போட்டுப் பூட்டிடும். இந்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மரபணு. நான் தேடறது அந்த நடுவழி ஆளை.”

“அதுவும் நிரம்பிட்டா?”

“பழைய இலையில கொண்டுபோய்க் கொட்டிட்டு, அந்த இலையை உதுத்துடும். புது இலை தப்பிக்கும்.”

எனக்கு அது பிடிக்கவில்லை. “அதாவது, வயசானவா தலையில கட்டிடறது.”

“செடியில அதுக்குப் பேர் மரியாதை சார். நம்பித்தானே குடுக்குது.”

மனிதர்களையும் அவர் இந்தக் கணக்கில்தான் பிரித்து வைத்திருந்தார். செயலாளர் வாட்ச்மேன் ரகம், எதையும் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். என் மனைவி ஸ்டோர் ரூம் ரகம், எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிவைத்து, கல்யாணநாள் பார்த்துத் திறப்பாள். நான் என்ன ரகம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நீங்க அலையாத்தி, கடலோரச் சேத்து மரம். அதுல சில ஜாதி, உப்பை உறிஞ்சி அப்படியே இலை வழியா வெளிய தள்ளிடும். இலை மேல வெள்ளையாப் பூத்திருக்கும். பக்கத்துல நிக்கறவங்க மேல படும். ஆனா அதுக்கு ஒண்ணும் ஆகாது. நூறு வயசு இருப்பீங்க.”

“பக்கத்துல நிக்கறது நான்தான்” என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து நான் ஏதாவது புலம்பத் தொடங்கினால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

குடியிருப்பின் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக மாறிய கோடையில் கூட்டம் போட்டார்கள். லாரித் தண்ணீரை யார் யார் எவ்வளவு எடுப்பது என்று அத்தனை வீட்டுக்காரர்களும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நானும் பேசினேன், கூடுதலாகவே. உப்பு மேடம் கடைசி நாற்காலியில் வாய் திறக்காமல் இருந்தார். பிறகு கைப்பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து, எதிரில் இருந்த டம்ளர் தண்ணீரில் முக்கினார். சத்தம் அடங்கிவிட்டது.

“என்ன மேடம் காட்டுது?” என்றார் செயலாளர்.

“இது என் நெல்லுக்கே ஆகாது. நீங்க காபி போட்டுக் குடிச்சிட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, பேனாவைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குமேல் சண்டை எப்படி நடக்கும்?

என்னை அவர் வேலைக்கு எடுத்துக்கொண்டதும் அந்தக் கோடையில்தான். “சார், நீங்க எப்படியும் எண்ணப் போறீங்க. இலையை எண்ணுங்க” என்றார். ஒவ்வொரு செடியிலும் காய்ந்த இலை எத்தனை, புது இலை எத்தனை என்று காலையில் சொல்ல வேண்டும். காய்கிற வேகத்தைப் புது இலை முந்தினால் செடி பிழைக்கும், பிந்தினால் போய்விடும். அவ்வளவுதான் சூத்திரம். நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுவைத்தேன். ஓய்வுபெற்ற பின் என்னிடம் யாரும் எண்ணிக்கை கேட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கூரையைப் பற்றிய கவலை அப்படியே இருந்தது. ஆனால் அதைக் காலை எட்டு மணிக்கு மேல் ஒத்திவைத்தேன்.

என் மனைவியால்தான் ஒரு விபத்து நடந்தது. துணி உலர்த்தப் போனவள், நுனி கருகி நின்ற நாற்றுகளைப் பார்த்திருக்கிறாள். “ஏன்னா, அதுகளைப் பாத்தா பாவமா இருக்கு. தவிச்ச வாய்க்கு உப்புத் தண்ணியா குடுப்பா?” என்று என்னிடம் கேட்டாள். நான் விளக்கினேன். விளக்கியது போதவில்லை. மறுநாள் வீட்டில் குடிக்க வைத்திருந்த மெட்ரோ தண்ணீரை இரண்டு குடம் கொண்டுபோய், ஓரத்து வாளிகள் இரண்டில் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

மேடம் பேனாவை முக்கினார். எண்ணைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவும் மறந்து நின்றாள்.

“மாமி, நல்ல காரியம்தான் பண்ணினீங்க. இந்த ரெண்டு வாளியும் இனிமே உங்களோடது. மத்த பத்துக்கும் நல்ல காரியம் பண்ணாதீங்க.”

அந்த இரண்டு வாளிகளையும் என் மனைவி அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். அவை திருமணமாகிப் போன பெண் பிள்ளைப்பேற்றுக்கு வந்த மாதிரிக் கொழுத்தன. மற்ற பத்தும் குச்சி குச்சியாக நின்றன. பார்க்கிறவர்கள் யாரிடம் கேட்டாலும் என் மனைவியைத்தான் விஞ்ஞானி என்பார்கள்.

இப்போது அந்தக் கதிரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் செய்திருந்தது மரபணுவை வெட்டி ஒட்டுகிற வேலை அல்ல. கடலோரத்து நெல் ஒன்றுக்கும், நன்றாக விளைகிற வயல் நெல் ஒன்றுக்கும் கல்யாணம் செய்துவைத்திருந்தார். கடலோரத்து நெல்லிடம் அந்த நடுவழி ஆள் உண்டு, விளைச்சல் கிடையாது. வயல் நெல்லுக்கு விளைச்சல் உண்டு, உப்பைக் கண்டால் படுத்துக்கொள்ளும். பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று தலைமுறை தலைமுறையாக விதைத்து, இரண்டு குணமும் சேர்ந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தில் பத்து வாளிகளில் ஒன்பது பதராகப் போயின. பூக்கும்போது உப்பு இருந்தால் மகரந்தம் செத்துவிடும், கதிர் வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஏழாவது வாளியில் மட்டும் ஒரு செடியில், ஒரே ஒரு கதிர், பொன்னிறமாகத் தலை குனிந்தது.

“இது போனா?” என்று கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

“முதல்லேர்ந்து. அதுக்கு எனக்கு வயசு பத்தாது சார்.”

இன்னும் ஒரு வாரம் முற்ற வேண்டும் என்றார். அந்த வாரத்தில்தான் செயலாளர் தம் மகளுக்கு மொட்டை மாடியில் நிச்சயதாம்பூலம் வைத்திருந்தார். செயலாளருக்குத் திருநெல்வேலி பக்கம். தி. நகரில் ஜவுளிக்கடை. மாப்பிள்ளை வீடு கோபாலபுரம், அவர்களும் அந்தப் பக்கத்தவர்களே.

“ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா?” என்று மேடம் கேட்டாராம்.

“மேடம், முகூர்த்தம் உங்க நெல்லைக் கேட்டா வருது? வாளியெல்லாம் தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒதுக்கி வச்சிருங்க. ஒரு பய தொட மாட்டான், நான் சொல்லுதேன்.”

ஒதுக்கி வைத்தோம். விடியற்காலையில் பந்தல்காரர் வந்தார். நான் கவலையோடு மாடிக்குப் போனபோது, வாளிகள் மேடைக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஆறாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வேறு வைத்திருந்தார்.

“என்னப்பா இது?”

“இன்னாத்துக்கு சார் இத்தப் போய் மூலையில போட்டு வெச்சிருந்தாங்கோ? இப்ப பாரு, டிவி சீரியல் செட்டு கணக்கா கீது.”

ஓடிப்போய் மேடத்தை அழைத்து வந்தேன். பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். “தண்ணி ஊத்தாம இருந்தாப் போதும்” என்று மட்டும் சொன்னார்.

தண்ணீர் ஊற்றத்தான் செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மேலே வந்ததும், மேடையருகில் மஞ்சள் குங்குமத்தோடு பச்சை நெல்லைப் பார்த்து, இது கல்யாணத்துக்கு நவதானியம் முளைக்கவைக்கிற முளைப்பாலிகையின் பெரிய ரகம் போலிருக்கிறது, பெண் வீட்டார் தடபுடலாகத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பாலிகை என்றால் சுமங்கலிகள் பாலும் நீரும் தெளிக்க வேண்டும். தெளித்தார்கள். என் மனைவியும் போய்த் தெளித்தாள். கேட்டால், “சுமங்கலின்னு கூப்பிட்டா மாட்டேன்னா சொல்றது?” என்றாள்.

தெளித்தது போகட்டும். மாப்பிள்ளையின் அத்தை, நல்ல ஆகிருதி, பெண் வீட்டுத் தாம்பாளத்தில் தேங்காயும் பழமும் அடுக்கக் கைகொடுத்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கிப் பார்த்தார். என் மனைவியின் வாளிகள் செழிப்பாக இருந்தாலும் இன்னும் பச்சை. ஒன்பது வாளிகள் பதர். மங்கலத் தட்டுக்கு யார் தேடினாலும் கண் போய் நிற்கக்கூடிய இடம் ஒன்றுதான். எழுந்து போய், ஏழாவது வாளியில், நகத்தால் கிள்ளிவிட்டார்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். மேடம் எனக்குப் பக்கத்தில். தட்டு மாற்றுகிறபோதுதான் இருவரும் பார்த்தோம். தேங்காயின் தலையில் அந்தக் கதிர் படுத்திருந்தது. பெண் வீட்டாரின் கையிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குப் போயிற்று. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. நான் பாதி எழுந்துவிட்டேன். என் மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்கோ. கெட்டிமேளம் கொட்டறச்சே எழுந்துண்டு என்ன சொல்லப் போறேள்?”

மேடம் அசையவில்லை. முகத்தில் ஒரு துளைகூடத் திறந்திருக்கவில்லை. அட்சதையை மணமக்கள் பக்கம் போட்டுவிட்டு, சாப்பிடாமல் கீழே இறங்கிப் போனார்.

அன்று மாலை செயலாளருக்கு விஷயம் தெரிந்து, மேடத்தின் வீட்டு வாசலுக்கு வந்தார். நானும் இருந்தேன். வாட்ச்மேன் ரகத்து மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

“மேடம், தப்பு எங்க மேல. ஆனா தட்டுல போனதைத் திருப்பிக் கேட்டாங்கன்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாது. புள்ள வாழ்க்கை. ஒத்தப் பொண்ணு. கையெடுத்துக் கும்பிடுதேன்.”

மேடம் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தார். பிறகு, “திருப்பிக் கேக்க மாட்டேன்” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

என் மனைவி காலையில் இட்லியும் மாலையில் தோசையும் கொண்டுபோய் வைத்தாள். பாத்திரம் கழுவிக் கதவுக்கு வெளியே திரும்பி வந்தது, அவ்வளவுதான். நான் மாடியில் போய் ஏழாவது வாளியைப் பார்த்தேன். கிள்ளிய காம்பு ஒரு விரல் நீளத்துக்கு நின்றது. எண்ணுவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். மேடம், கஞ்சி போட்ட புடவையில்.

“சார், கோபாலபுரம் வரைக்கும் கூட வரீங்களா?”

“கேக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கீங்களே?”

“கேக்க மாட்டேன். பாக்கலாம் இல்ல?”

கோபாலபுரத்தில் மரங்கள் கவிந்த தெரு, பழைய பங்களா. வாசல் நிலையில் மாவிலைக்கு நடுவே கதிரைக் கட்டியிருந்தார்கள். மேடம் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அணில் கடித்த தடயம் இல்லை. உள்ளே அத்தையும் மாப்பிள்ளையின் அம்மாவும் இருந்தார்கள். பெண் வீட்டுக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் என்றதும் நாற்காலி போட்டார்கள், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள்.

“அந்தக் கதிர் நான் வளத்தது” என்றார் மேடம்.

“உங்க கைராசியா அது? எங்கக்கா வீட்டுல எல்லாரும் கேட்டுட்டாங்க, இப்படி ஒரு கதிர் எந்தக் கடையில வாங்குனீகன்னு” என்றார் அத்தை.

“அது கடையில கெடைக்காது. உப்புத் தண்ணியில வளந்தது.”

இதைச் சொன்னால் அத்தையின் முகம் சுருங்கும், உப்புத் தண்ணீர் நெல் வாசலுக்கு ஆகாது என்று அவிழ்த்துக் கொடுத்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். மேடமும் அதை எண்ணித்தான் சொன்னாரோ என்னவோ. ஆனால் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“உப்புலயா? உப்பும் லச்சுமி, நெல்லும் லச்சுமி. ரெண்டும் ஒண்ணா வந்திருக்கு பாரு. ஏ தாயி, அதுக்கு ஒரு சாம்பிராணி காட்டச் சொல்லு.”

அவ்வளவுதான், காரியம் முன்னைவிட மோசமாயிற்று. நான் பேச வாயெடுத்தேன். மேடம் என் பக்கம் திரும்பாமலே கையை லேசாக உயர்த்தினார். பிறகு மூடிக்கொண்டார்.

எத்தனையோ மௌனங்களைக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். இது கனமான ரகம். மேடம் வாசல் நிலையைப் பார்த்தபடி இருந்தார். அவ்வளவுதான் செய்தார். அத்தை காபி வேண்டுமா என்று கேட்டார். காபி வந்தது. அத்தை மழையைப் பற்றிச் சொன்னார். மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிச் சொன்னார். தம் முழங்கால் வலியைப் பற்றி விவரமாகச் சொன்னார். மேடம் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார், பார்வையை மட்டும் எடுக்கவில்லை. பேச்சு ஒவ்வொரு தடவையும் அந்தக் கதிரின் கீழே போய் நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா அதுவரை அதிகம் பேசாதவர். மெல்லக் கேட்டார். “அது விதைநெல்லா?”

“ஆமாம்.”

“வேற வச்சிருக்கீகளா?”

“இல்ல.”

அத்தை முந்திக்கொண்டார். “தட்டுல வந்தது வாசல் தாண்டப்படாதுல்லா. கல்யாணம் முடியறவரைக்கும் ஒரு மணி சிந்தப்படாது.”

“நான் கேக்கல” என்றார் மேடம். உண்மையாகவே கேட்கவில்லை. எழுந்துகொண்டார். நானும் எழுந்தேன். நஷ்டத்தை மனத்துக்குள் கூட்டினேன். இந்த அம்மாள் வாக்கைக் காப்பாற்றிவிட்டு வெறுங்கையோடு ஆட்டோ ஏறப் போகிறாரே, இனி வாளி கழுவிக் கவிழ்த்துவிடுவாரே என்று.

“இருங்க” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அத்தையைப் பார்த்தார். “மைனி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்கு வந்த பொம்பளைக்குத் தாம்பூலம் குடுக்காம அனுப்பலாமா?”

“அது எப்படி அனுப்ப?”

“தாம்பூலத்துல நாம எதை வச்சுக் குடுக்கோமோ அது நம்ம இஷ்டம்தானே. திருப்பிக் குடுக்கது வேற, தாம்பூலம் வேற.”

அத்தை யோசித்தார். சாத்திரத்தில் எங்காவது ஓட்டை தெரிகிறதா என்று தேடியிருக்க வேண்டும். தெரியவில்லை. “வாசலுக்கு அஞ்சாறு மணி இருக்கணும், ஆமா” என்றார்.

நாற்காலி போட்டுக் கதிரை இறக்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளங்கையில் வைத்து உருவினார். நுனியில் ஆறு மணிகள் விட்டு, மீதியை வெற்றிலை மேல் கொட்டி, மஞ்சள் கிழங்கும் பழமும் பூவும் சேர்த்து நீட்டினார். மேடம் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டார். ஆண்பிள்ளைகள் யாரும் கைகொடுக்கக் கூடாத சடங்கு ஆகையால் நான் பக்கத்தில் நின்று, ஒரு மணியாவது தரையில் சிந்தியதா என்று மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிந்தவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் மேடம் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மயிலாப்பூர் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. மந்தைவெளியில் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது. அப்போது தொடங்கினார்.

ஒரு வாரம் முன்னால் கிள்ளினாலும் முளைக்கும் என்றார். பாதி விதையை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது, பாதியை இப்போதே விதைப்பது என்றார். ஏழாவது வாளி வேண்டாம், அதை மாமிக்குக் கொடுத்துவிடலாம் என்றார். தயிர் சாதம் தமக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஆனால் மாமி கொடுக்கும்போதெல்லாம் சாப்பிட்டிருப்பதாகச் சொன்னார். சின்ன வயதில் சைக்கிள் பழகி ஒரு வக்கீலை இடித்தது, ஹாஸ்டலில் பூனை வளர்த்து மாட்டிக்கொண்டது, பெண் பார்க்க வந்தவரிடம் சோடியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி அவரைத் துரத்தியது, கண்ணாடிக்கூடத்துச் சாவியைக் கொடுத்த அன்று இருட்டில் உட்கார்ந்து ஒரு முழு கிலோ வேர்க்கடலையைத் தின்றது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டினார். நடுநடுவே அவரே சிரித்தார். எனக்கு ஒரு புலம்பல்கூடச் செருக இடம் கிடைக்கவில்லை. அடையாறு பாலம் தாண்டினோம். டெப்போ சிக்னலும் தாண்டினோம்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “சார், அம்மா மூச்சு வுடாம பேசிக்கினே வராங்கோ, கேக்க நல்லாத்தான் கீது. ஆனா திருவான்மியூரே வந்துடும் போலகீது. இந்திரா நகருக்கு எங்க திரும்பணும்னு யாராச்சும் சொல்றீங்களா?”